மருத்துவர்க்கு மன்றத்தில் என்ன வேலை?

மருத்துவம் கற்றோர் அரசியலிற் புகுதல் தகாது, நோயாளியின் கட்டிலருகே அவர்க்குரிய இடம் என்பார் பலர். யாம் அக்கொள்கைக்கு உடன்படோம். பல பிணிகளின் வேர் உடலில் இல்லை. வறுமையிலும் வழக்கத்திலும் தொழிலிலும் உளது. அவ்வேரை மருந்தொன்றே களையுமோ?

டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி அம்மையாரை நோக்குக. 1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையிற் பிறந்த இவர், 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றார். 1926-இல் சென்னைச் சட்டசபை உறுப்பினராக நியமனம் வந்தபோது, மருத்துவப்பணி குன்றுமோவெனத் தயங்கினார். எனினும் ஏற்றார், அச்சபையின் முதற் பெண் உறுப்பினரும் துணைத்தலைவரும் ஆயினார். பள்ளிச் சிறாரை மருத்துவர் சோதித்தல் வேண்டுமென ஆண்டு வற்புறுத்தினார். சிறுமியர் உடலையும் வாழ்வையும் ஒருங்கே கெடுத்த தேவதாசி வழக்கத்தை ஒழிக்க வாதாடினார். அதனை முற்றும் தடுக்கும் சட்டம் 1947-இல் நிறைவேறிற்று. எத்துணை மருந்தும் செய்யவியலாத சிகிச்சை அஃதன்றோ!

பதவி மோகம் மருத்துவரைக் கெடுக்குமென அஞ்சுவார் உளர். அவ்வச்சம் வீணன்று. ஆயின் அம்மையார், காந்தியடிகள் 1930-இற் சிறைப்பட்டபோது பதவியைத் துறந்தார், தொண்டைத் துறந்தாரல்லர். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவரது முயற்சியால், 1954-இல் அடையாற்றிற் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தோன்றிற்று.

இனி நம் தூத்துக்குடிக் கரையைக் காண்போம். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது, சங்குகுளிப்போ நின்றிலது. எந்திரத்தால் அழுத்திய காற்றை உட்கொண்டு ஆழத்தில் நெடிது தங்குவோர் விரைந்து மேலெழின், குருதியிற் கரைந்த நைட்ரசன் குமிழியாகி மூட்டுகளையும் தண்டுவடத்தையும் தாக்கும். உப்பளத்திலோ, வெண்ணிறப் பாத்திகளில் எதிரொளிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கும். உவர்நீர் காலைப் புண்ணாக்கும். ஒதுங்க மறைவிடமின்றி, தாகத்தையும் அடக்கி உழைக்கும் மகளிர் பலர்.

2000-ஆம் ஆண்டு முதல் நம் நகரில் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. புண்ணுக்கு மருந்து ஆங்குக் கிட்டும். நாளை அதே உவர்நீரில் அக்கால் மீண்டும் இறங்கும். நிழற்கொட்டகையும் குடிநீரும் கழிப்பிடமும் கண்காப்பும் மருந்துச்சீட்டில் எழுதத்தக்கன அல்ல. விதியாக எழுதிக் கண்காணிக்கத்தக்கன. இவற்றின் இன்றியமையாமையை, அப்புண்ணைக் கழுவிக் கட்டியவரினும் திறம்பட எடுத்துரைப்பார் யார்?

ஆதலின், மருத்துவம் பயிலச் செல்லும் இக்கரைத் தோழர்காள்! நோயாளியைக் கைவிடுமாறு யாம் கூறவில்லை. அவர் வாய்விட்டுக் கூறாதவற்றையும் மன்றத்திற் கூறுமின் என்றே வேண்டுகின்றோம். அவ்வாறு கூறுவாரைத் தேர்ந்தனுப்புதல், வாக்குரிமை பெற்ற நம் அனைவர் கடனுமாம்.