மீன் அடுத்த மாதம் வரட்டும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் மீன் கடைகளில் கூட்டம் அலைமோதும். இரண்டடித் தொட்டி, வடிகட்டி, விளக்கு, ஒரு பை கூழாங்கல், கூடவே பிளாஸ்டிக் பையில் பத்துக் கப்பி மீன்கள், நான்கு தங்கமீன்கள். எல்லாம் ஒரே ரசீதில். சனிக்கிழமை வீட்டுக்கு வந்த மீன்கள் அடுத்த சனிக்கிழமைக்குள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும்போது, “மீன் வளர்க்க நமக்குக் கைராசி இல்லை” என்று வீட்டில் பேச்சு முடிந்துவிடும். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. புதுத் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்பதும் வாங்குவதும்தான் தவறு என்பது என் கருத்து.

மீன், தான் உண்ட புரதத்தில் உள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. அதில் பெரும்பகுதி செவுள் வழியாகவே வெளிவருகிறது. மிச்சம் கிடக்கும் உணவும் அழுகி அம்மோனியாவைத் தருகிறது. ஆற்றில் அது கரைந்து ஓடிவிடும். ஐம்பது அறுபது லிட்டர் தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. நாளுக்கு நாள் சேர்ந்து செவுளைப் புண்ணாக்கும். தண்ணீர் என்னவோ கண்ணாடிபோல் தெளிவாகத்தான் இருக்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

நம் ஊர் வெப்பமும் இதில் மீனுக்கு எதிரிதான். நீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அதிகத் தீங்கில்லாத அம்மோனியம் அயனி, மற்றது கடும் நச்சான அம்மோனியா. வெப்பநிலை ஏற ஏற நச்சு வடிவத்தின் பங்கு கூடுகிறது. பிஎச் அளவு 7இலிருந்து 8க்கு உயர்ந்தாலோ ஏறத்தாழ பத்து மடங்காகிவிடுகிறது.

பழைய தொட்டிகளில் மட்டும் மீன் எப்படிப் பிழைக்கிறது? அங்கே கண்ணுக்குத் தெரியாத பணியாளர்கள் இருக்கிறார்கள். வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கற்களிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களில் ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் ஆபத்தானதே. அது ரத்தத்தில் புகுந்தால் ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. மீன் நீர்ப்பரப்புக்கு வந்து வாய் திறந்து தவிக்கும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. வாரந்தோறும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும், செடிகளும் உறிஞ்சிக்கொள்ளும். இந்த இரண்டு வேலைகளையும் ஒரே நுண்ணுயிர் செய்ய முடியும் என்பது 2015இல்தான் உறுதியானது. அப்படிப்பட்ட நுண்ணுயிர்கள் கண்டறியப்பட்ட இடங்களுள் ஒன்று, மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் வடிகட்டி!

சிக்கல் என்னவென்றால், இவை மெதுவாகப் பெருகுபவை. ஈ.கோலை பாக்டீரியா நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். இவற்றுக்குப் பல மணி நேரம், சிலவற்றுக்கு ஒரு நாளுக்கும் மேல் ஆகும். புதுத் தொட்டியில் போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

“திடமான சில மீன்களை முதலில் விடலாமே, அவற்றின் கழிவிலேயே நுண்ணுயிர் வளருமே” என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. வளரும், உண்மைதான். ஆனால் அத்தனை வாரமும் அந்த மீன்கள் நச்சு நீரில் மூச்சுவிட வேண்டும். இரண்டு வெள்ளி மீன்தானே என்பது எனக்கு ஒரு வாதமாகவே படவில்லை. அதே வேலையை ஒரு சிட்டிகை மீன் உணவே செய்துவிடும். காலித் தொட்டியில் வடிகட்டியை ஓடவிட்டு, தினமும் கொஞ்சம் உணவைத் தூவுங்கள். அது அழுகி அம்மோனியா தரும். சொட்டு மருந்துபோல் கிடைக்கும் சோதனைத் திரவங்களால் இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரைச் சோதித்து வரைபடம் போடுங்கள். முதலில் அம்மோனியா ஏறும். அது இறங்கத் தொடங்கும்போது நைட்ரைட் ஏறும். உணவு போட்ட பிறகும் இரண்டும் பூஜ்யமாகவே நின்று, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். அறிவியல் ஆசிரியரிடம் காட்ட இதைவிட நல்ல வரைபடம் கிடைக்குமா? அவசரம் என்றால், நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு துண்டு வடிகட்டிப் பஞ்சு கேளுங்கள். பல வாரக் காத்திருப்பு குறையும்.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குழாய் நீரை ஓர் இரவு வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும் என்பது பாட்டி காலத்து யோசனை. பொதுப் பயனீட்டுக் கழகம் கிருமி நீக்கப் பயன்படுத்துவது குளோரமின். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது. அது ஓரிரவில் ஆவியாகாது. அதைச் சிதைக்கும் நீர்ப்பதப்படுத்தி தேவை, அதுவும் சிதைவில் வெளிப்படும் அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் வைத்துக் கழுவுவதையும் விட்டுவிடுங்கள். வாரக்கணக்கில் வளர்த்த நுண்ணுயிர்களைக் குளோரமின் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசினால் போதும்.

தொட்டி தயாரானதும் ஒரேயடியாக இருபது மீனை விடாதீர்கள். ஐந்தாறு சிறு மீன்கள், பிறகு இரண்டு வாரம் சோதனை, அதன் பிறகு இன்னும் சில. தங்கமீன் மட்டும் வேண்டாம். இரண்டடித் தொட்டி அதற்குப் போதாது.