காபன் மோகமும் பைபர் பாஸின் இருமலும்

கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டுப் பின்வளவில் ஒரு எலும்புக்கூடு நிற்கிறது. சதுரக் குழாய் இரும்பை வெட்டி ஒட்டிய சட்டம், பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றின எஞ்சின், இரண்டு சீற். கூரை இல்லை, கதவு இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது, "வாங்க ஏலாட்டி செய்வம்" என்று அண்ணா தொடங்கின வேலை. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் திறந்தது. விலையைக் கேட்ட அண்ணா மறுபடியும் வெல்டிங் மெஷினைக் கையில் எடுத்துவிட்டார்.

இப்போது சட்டம் முடிந்து, மேலே என்ன போர்த்துவது என்ற கட்டத்துக்கு வந்திருக்கிறது. போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறிப் போயிருந்தேன். ஆறு பேர் சுற்றி நின்று கதைத்தார்கள். ஆறு பேருக்கும் ஒரே பதில்: காபன் பைபர். அரை மணித்தியாலம் கழித்து ஒருவர் போனில் விலை பார்த்தார். அமைதி. பிறகு ஒரு மச்சான் சொன்னார்: "சரி, சும்மா பைபர்ல செய்துபோட்டு மேல காபன் ஸ்டிக்கர் ஒட்டுவம். ஆருக்குத் தெரியப் போகுது?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கட்டுரை அந்த ஸ்டிக்கருக்கு எதிரானது.

கலைப்பீடத்தில் படிக்கிற பிள்ளைக்கு கார் பாடியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். ஓ.எல். கணக்குப் போதும்.

ஒரு சதுர மீட்டர் தகட்டை எடுங்கள். 0.8 மில்லிமீட்டர் இரும்புத் தகடு என்றால் கிட்டத்தட்ட 6.3 கிலோ. 1.2 மில்லிமீட்டர் அலுமினியம் 3.2 கிலோ. கண்ணாடி நாரும் ரெசினும் சேர்ந்த சாதாரண பைபர், 3 மில்லிமீட்டர் தடிப்பில், 4.5 கிலோ. காபன் பைபர் 1.5 மில்லிமீட்டரில் 2.4 கிலோ. அண்ணாவின் கார் சின்னது. ஆறு சதுர மீட்டர் போர்த்த வேண்டும் என்று வையுங்கள். இரும்பில் 38 கிலோ, பைபரில் 27, அலுமினியத்தில் 19, காபனில் 14.

ஆக, பைபரை விட்டுக் காபனுக்குப் போனால் மிச்சம் 13 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டையில் பாதி. அந்த ஆறு பேரில் யாராவது ஒருவர் இரவு பத்து மணிக் கொத்து ரொட்டியை ஆறு மாதம் நிறுத்தினால் அந்த 13 கிலோவும் இலவசமாகக் குறையும். அதற்காகவா இவ்வளவு கடன்?

"எடை மட்டுமில்லை, பலம்!" என்பார்கள். யாருடைய பலம்? இந்த மாதிரிக் காரில் பாரத்தைத் தாங்குவது குழாய்ச் சட்டம். மேலே போர்த்துவது சட்டை. மோதினால் உங்களைக் காப்பாற்றப் போவது சட்டமும் சீற் பெல்ட்டும்தான். 1981இல் மக்லாரன் ஃபோர்முலா வன் காருக்குக் காபன் பைபர் கொண்டுவந்தபோது, சாரதி உட்காரும் கூட்டையே அதில் வார்த்தார்கள். அங்கே காபன்தான் எலும்பு. நாங்கள் எலும்பை இரும்பில் செய்துவிட்டு, சட்டைக்கு மட்டும் காபன் கேட்கிறோம்.

அதோடு காபனைச் செய்யும் முறையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நல்ல காபன் துணி ரெசினில் ஏற்கெனவே ஊறி வரும். மைனஸ் 18 பாகையில் ஃப்ரீசருக்குள் வைத்திருக்க வேண்டும். பிறகு அழுத்தமும் சூடும் சேர்ந்த பெரிய அடுப்பில் வேகவைக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் போன ஊர் இது. வீட்டு ஃப்ரீசரில் மீன் பழுதானதை மறந்துவிட்டோமா? வெறும் துணி வாங்கிக் கையால் ரெசின் பூசியும் செய்யலாம், உண்மை. ஆனால் அப்படிச் செய்தால் அதிலே கூடுதலாக ரெசின் தேங்கி நிற்கும், காபனின் பெருமை பாதி அங்கேயே போய்விடும். இன்னொன்று: காபனும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். மரைன் டிரைவ் வீடுகளின் ஜன்னல் கிறில்லைப் பார்த்தவர்களுக்கு உப்புக் காற்று பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

"அப்ப வேகா?" என்று கேட்டார் மச்சான். நியாயமான கேள்வி. கொழும்பில் வேகா இனோவேஷன்ஸ் செய்த ஈ.வி.எக்ஸ். இலங்கையின் முதல் எலக்ட்ரிக் சூப்பர் கார். அதன் உடல் காபன் பைபர். 2020 மார்ச்சில் ஜெனீவாக் கண்காட்சியில் காட்ட இருந்தார்கள், கொரோனாவால் கண்காட்சியே நின்றுபோனது. அந்த உழைப்பில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஒரு கம்பனி, பொறியியலாளர் குழு, வருடக் கணக்கான முதலீடு இருந்தது. அதே நிறுவனம் எலக்ட்ரிக் ஓட்டோவும் செய்தது. எங்கள் வட்டத்தில் அந்த ஓட்டோவைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடுவதில்லை. நாங்கள் பார்த்து ஆசைப்பட்டது தொழில்நுட்பத்தை என்றால் இரண்டையும்தானே பார்த்திருக்க வேண்டும்?

பைபர் என்றால் எங்களுக்கு இளக்காரம். "பைபர் சாமான்" என்றால் மலிவு, முட்டினால் உடையும், தண்ணீர்த் தாங்கி செய்கிற பொருள். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. 1953இல் வந்த முதல் ஷெவ்ரோலே கோர்வெட்டின் உடல் முழுக்கப் பைபர். அந்த வருடம் செய்தது 300 கார்தான். அவ்வளவு குறைந்த எண்ணிக்கைக்கு இரும்புத் தகட்டை அழுத்தும் அச்சுகள் செய்வது கட்டுப்படியாகாது. ஜெனரல் மோட்டர்ஸுக்கே 300 காருக்குப் பைபர் சரி என்றால், கொட்டாஞ்சேனையில் ஒரே ஒரு காருக்கு அது கௌரவக் குறைவா? கிழக்கு ஜேர்மனியில் இரும்புத் தகடு கிடைக்காத காலத்தில் பருத்திக் கழிவையும் ரெசினையும் அழுத்தி டிரபான்ட் காருக்கு உடல் செய்தார்கள். முப்பது லட்சம் கார் ஓடியது. அந்தக் காரைப் பகிடி பண்ணலாம், புகையைத் திட்டலாம். ஆனால் தட்டுப்பாட்டுக்குள் இருந்த மனிதர்கள் கையில் இருந்ததைக் கொண்டு யோசித்தார்கள் என்பதை மறுக்க ஏலாது.

அலுமினியத்தை ஏன் விட்டேன் என்று கேட்கலாம். முழுதாக விடவில்லை. வளைவில்லாத இடங்களுக்கு, பக்கத் தகட்டுக்கும் தரைக்கும், அலுமினியம்தான் நல்லது. பழுதானால் கழற்றி உருக்கலாம், பைபரை அப்படி உருக்க முடியாது. ஆனால் மூக்கும் மட்காட்டும் இரண்டு பக்கமும் வளைபவை. அலுமினியத்தில் அதை அடித்தெடுக்கிற கை வேறு. எங்கள் டிங்கர் பாஸ்மார் இரும்பில் கெட்டிக்காரர்கள், அலுமினியம் அவர்களுடைய அன்றாட வேலை இல்லை. லோட்டஸ் செவன் 1960இல் இரண்டாம் வரிசைக்கு வந்தபோது இதே முடிவைத்தான் எடுத்தது: உடலுக்கு அலுமினியம், மூக்குக்கும் மட்காட்டுக்கும் பைபர்.

பைபருக்கான கை எங்கே இருக்கிறது? கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோவில் பத்து நிமிடம், மட்டக்குளி. படகு செய்கிறவர்கள். காரைநகர் சீநோரைப் பற்றி வீட்டில் அப்பப்பாமாரிடம் கேட்டுப் பாருங்கள். அறுபதுகளின் கடைசியில் நோர்வே உதவியோடு தொடங்கின நிறுவனம். வடக்கின் மீனவருக்குப் பைபர் படகு செய்து கொடுத்தது. போர் காரைநகர்த் தளத்தை முடக்கியது. சீநோரின் பெயர் இன்று மட்டக்குளியிலும் இருக்கிறது. அச்சுக்கு மெழுகு பூசி, ஜெல்கோட் அடித்து, கண்ணாடி நார்ப் பாயை விரித்து, ரெசின் ஊற்றி, காற்றுக் குமிழி நிற்காமல் ரோலர் உருட்டுகிற வேலை இந்தக் கரையில் அரை நூற்றாண்டாக நடக்கிறது. கடல் தினமும் அடிக்கிற படகைச் செய்கிறவருக்கு ஒரு மட்காட் பெரிய விஷயமா?

அண்ணாவோடு நானும் போனேன். தகரக் கூரை போட்ட சின்னப் பட்டறை. பெயர் வேண்டாம். பாஸுக்கு ஐம்பது வயதுக்கு மேல். படத்தைப் பார்த்தார், மூக்கின் வளைவை உள்ளங்கையால் காற்றில் ஒருமுறை தடவினார். "செய்யலாம் தம்பி. அச்ச மட்டும் நல்லா செஞ்சிட்டு வாங்க. அச்சு கோணலா இருந்தா கார் கோணல்" என்றார். ஹார்டனர் கணக்கைக் கேட்டேன். கொழும்பு வெயிலில் மத்தியானம் கலந்தால் வாளிக்குள்ளேயே இறுகிவிடும், விடியக்காலமே வேலை, அளவையும் குறைக்க வேணும் என்றார். இதை எந்த யூடியூப் வெள்ளைக்காரரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவர்கள் குளிரில் நின்று வீடியோ எடுக்கிறார்கள்.

பிறகு அவர் இருமினார். நீளமான இருமல். காய்ந்த ரெசின் வாசம் எனக்குப் பத்து நிமிடத்திலேயே தலையைச் சுற்றியது. அங்கே ஒரு சின்னப் பையன் வெறும் வாயோடு பைபரைத் தேய்த்துக்கொண்டிருந்தான், புருவமெல்லாம் வெள்ளைத் தூள். மாஸ்க் இல்லையா என்று கேட்டேன். பாஸ் ஒரு துணியைக் காட்டினார். "பழகிரிச்சு மகள்" என்றார்.

அந்த ரெசினிலிருந்து ஆவியாகிற பொருளுக்கு ஸ்டைரீன் என்று பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் அதை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்று கருதப்படும் பொருள்களின் வரிசைக்கு உயர்த்தியது. துணி அந்த ஆவியை மறிக்காது. அதற்கென்றே வடிகட்டி வைத்த ரப்பர் முகக்கவசம் வேண்டும், காற்றோட்டம் வேண்டும். தூளுக்கு வேறு வடிகட்டி வேண்டும்.

திரும்பி வரும்போது அண்ணா சந்தோஷமாக இருந்தார். "பார்த்தியா, எவ்வளவு சீப்!" என்றார். அந்த வார்த்தையில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. அது சீப் இல்லை, அண்ணா. விலையில் ஒரு பகுதியை அந்தப் பையனின் நுரையீரல் கட்டுகிறது. உங்கட பில்லில் அது வராது.

ஸ்டிக்கர் மேல் எனக்கு ஏன் கோபம் என்று இப்போது விளங்கும். அந்த மனிதர் விடியக்காலம் எழும்பி, மூச்சைக் கொடுத்து, கையால் உருட்டி எடுக்கிற ஒரு உடலின் மேல், அது வேறொன்று என்று காட்ட ஒரு பிளாஸ்டிக் படத்தை ஒட்டுவோம். யாரோ கேட்டால் "காபன்" என்போம். செய்த கை மறைந்துவிடும்.

அதனால் என் வாதம் இதுதான். பைபரில் செய்யுங்கள். வெட்கப்படாமல் செய்யுங்கள். அச்சை நீங்களே தேய்த்துப் பழகுங்கள், கை வலிக்கட்டும். ஆனால் கணக்கை ஒழுங்காகப் போடுங்கள்: நார், ரெசின், ஜெல்கோட், பாஸின் கூலி, அதோடு இரண்டு முகக்கவசம், மாற்று வடிகட்டி, ஒரு எக்ஸோஸ்ட் ஃபான். நாலு றிம்முக்குக் கொடுத்த காசை நினைத்துப் பார்த்தால் இது பெரிய தொகையே இல்லை. "அவங்க போட மாட்டாங்க" என்று சொல்லாதீர்கள். முதலில் நீங்கள் போட்டுக்கொண்டு அந்தப் பட்டறைக்குள் நில்லுங்கள்.

அண்ணா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு படம் அனுப்பினார்: கடை மேசையில் இரண்டு கறுப்பு முகக்கவசம். கீழே ஒரு வரி, "சின்னவனுக்கு சைஸ் பெரிசா இருக்குமோ?"

பெரிதென்றால் மாற்றிக்கொண்டு வருவோம். ஸ்டிக்கர் பற்றி இன்னும் பேச்சு முடியவில்லை.