போட்ட முதல் திரும்பினால் போதுமா?

ஒரே முதலுக்குப் போட்டியிடும் இரண்டு திட்டங்களுள், போட்ட பணத்தை எது விரைவில் எடுத்துத் தருகிறதோ அதுவே சிறந்தது என்னும் நம்பிக்கை பெட்டிக்கடை முதல் பெருநிறுவனத்தின் இயக்குநர் குழு வரை வேரூன்றியிருக்கிறது. கணக்கியல் நூல்கள் 'முதல் மீட்புக் காலம்' என்று குறிக்கும் இந்த அளவுகோல், முதல் எப்போது திரும்பும் என்பதைச் சொல்லுமே தவிர, அந்த முதலீட்டால் உரியவருடைய செல்வம் வளர்ந்ததா கரைந்ததா என்பதைச் சொல்லாது.

காலந்தாழ்ந்து வரும் பணம் கையிலிருக்கும் பணத்துக்கு ஈடாகாது என்பதை மக்கள் நடைமுறையில் நன்கு அறிவர். ஏலச்சீட்டில் பணத்தேவை மிக்கவர் தொடக்க மாதங்களிலேயே பெருந்தொகையைத் தள்ளிச் சீட்டை எடுக்கிறார். கடைசிவரை பொறுத்திருப்பவர் ஏறக்குறைய முழுத்தொகையையும் பெறுகிறார். அவ்வாறு தள்ளப்படும் தொகை, காத்திருப்புக்கு உரிய விலையாகும். அவ்விலையை ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என வரையறுத்தால் அது தள்ளுபடி வீதம். அவ்வீதப்படி எதிர்கால வரவைக் குறைத்து இன்றைய தொகையாக்கினால் அது தற்போதைய மதிப்பு. எல்லா வரவுகளின் தற்போதைய மதிப்பையும் கூட்டித் தொடக்க முதலைக் கழித்தபின் எஞ்சுவது நிகர தற்போதைய மதிப்பு. இதற்கான வட்டி அட்டவணைகளைக் கணிதவியலாளர் சைமன் ஸ்டெவின் 1582-லேயே நூலாக அச்சிட்டு வெளியிட்டார் என்பதால், கருவி புதியது என்னும் சாக்கும் செல்லாது.

பத்து லட்சம் ரூபாய் முதலுள்ள ஒரு பின்னலாடை ஆலை, இரண்டு இயந்திரங்களுள் ஒன்றை மட்டும் வாங்க எண்ணுவதாகக் கொள்ளலாம். முதல் இயந்திரம் இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு 5 லட்சமும், மூன்றாம் ஆண்டில் 1 லட்சமும் ஈட்டித் தந்து ஓய்கிறது. இரண்டாவது ஆறு ஆண்டுகள் ஆண்டுக்கு 3 லட்சம் தருகிறது. இரண்டே ஆண்டில் முதலைத் திருப்பிவிடும் முதல் இயந்திரத்தையே பழைய அளவுகோல் தேர்ந்தெடுக்கும், ஏனெனில் மற்றதற்கு மூன்று ஆண்டும் நான்கு மாதமும் பிடிக்கும். ஆனால் 10 விழுக்காட்டு வீதத்தில் கணக்கிட்டால், முதல் இயந்திரத்தின் வரவுகள் இன்று சுமார் 9 லட்சத்து 43 ஆயிரம் மட்டுமே பெறும் என்பதால் ஆலைக்கு 57 ஆயிரம் நட்டம். இரண்டாவதன் வரவுகள் சுமார் 13 லட்சத்து 7 ஆயிரம் பெறுவதால் 3 லட்சத்துக்கு மேல் ஆதாயம். விரைந்து திரும்பிய பணம், தன் வட்டியைக்கூட ஈட்டாமல் திரும்பியிருக்கிறது.

வரவுகளை அப்படியே கூட்டி, மொத்தம் மிகுந்ததே சிறந்தது என்போரும் இதே குழியில் வேறு பக்கத்திலிருந்து விழுகின்றனர். எட்டாம் ஆண்டின் முடிவில் ஒரே தவணையாக 20 லட்சம் தரும் மூன்றாவது திட்டம் பார்வைக்கு முதலை இரட்டிப்பாக்குகிறது. ஆயினும் அத்தொகையின் தற்போதைய மதிப்பு 9 லட்சத்து 33 ஆயிரமே.

எதிர்காலம் நிச்சயமற்றது, ஆகவே விரைவே பாதுகாப்பு என்னும் வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. கடன் நெருக்கடியில் இருப்பவருக்குக் கைரொக்கம் உயிர்நாடியாகும். எனினும், முதல் திரும்பும் நாள் என்னும் எல்லைக்கோட்டுக்கு உட்பட்ட வரவுகளை முழுமதிப்புக்கும், அதைத் தாண்டியவற்றைச் சுழியத்துக்கும் எடுத்துக்கொள்ளும் முறை ஆபத்தை அளப்பதில்லை, கண்ணை மூடிக்கொள்கிறது. ஆபத்தை வரவு மதிப்பீட்டிலோ வீதத்திலோ வெளிப்படையாகச் சேர்ப்பதே நேர்மை.

வீதத்தை மாற்றினால் முடிவும் மாறும் என்னும் மறுப்பே வலிமையானது. நூறு ஆண்டுக்குப் பின் வரும் 100 ரூபாய் 1.4 விழுக்காட்டில் இன்று சுமார் 25 ரூபாய், 5.5 விழுக்காட்டிலோ 50 காசுக்கும் குறைவு. பருவநிலை மாற்றம் பற்றிப் பொருளியலாளர் நிக்கோலஸ் ஸ்டெர்னின் 2006-ஆம் ஆண்டு அறிக்கையை ஒட்டி எழுந்த சர்ச்சை பெரிதும் இவ்வீதத்தைப் பற்றியதே. ஆனால் அங்கே வீதம் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்ததால்தான் விவாதிக்க முடிந்தது. முதல் மீட்புக் காலத்தை நம்புவோரும் ஒரு வீதத்தைப் பயன்படுத்துகின்றனர்: எல்லைக்கோடு வரை சுழியம், அதன்பின் முடிவிலி. அதை எழுதிக் காட்டினால் எந்தக் கணக்காளரும் கையொப்பமிட மாட்டார்.