எறிகிறானா, போடுகிறானா?

பி.காம். படித்தவனுக்கு டெபிட் எது, கிரெடிட் எது என்று தெரிந்தால் போதும். இன்னொருத்தன் முழங்கை எத்தனை டிகிரி மடங்குகிறது என்ற கவலையெல்லாம் தேவையில்லை. எனக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் தெருவில் ஒரு பையன், பாலிடெக்னிக் மாணவன். வேகப் பந்து வீச்சாளர் என்று அவனே சொல்லிக்கொள்வான். போன மாதம் ஒரு மேட்சில் அம்பயர் திடீரென்று கையை நீட்டி ‘நோ பால்’ என்றிருக்கிறார். கால் கோட்டுக்குள்தானே இருக்கிறது என்று கேட்டதற்கு, “பந்து போடச் சொன்னா மாங்கா அடிக்கிறியே தம்பி” என்றாராம். தருமபுரியில் போய் இப்படிச் சொன்னால் எப்படி? இங்கே மாங்காய் அடிக்காமல் வளர்ந்தவன் யார் ஸார்?

“அண்ணா, உங்க புது போன்ல ஸ்லோமோஷன் இருக்குல்ல? எடுத்துக் குடுங்கண்ணா. அந்தாளு மூஞ்சிக்கு நேராக் காட்டறேன்” என்று வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. மறுக்க முடியவில்லை.

போன் பதிமூணாயிரம். இன்னும் அஞ்சு தவணை பாக்கி. டப்பாவில் 240 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதாவது ஒரு வினாடிக்கு 240 படம். சாதாரண வீடியோ 30 படம்தான். மணிக்கு 120 கிலோ மீட்டரில் வருகிற பந்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும். 240-ல் எடுத்தால் ஒரு ஜாண் தூரம்கூட நகராது. தோளுக்கு மேலே கை ஏறிப் பந்து விடுபடுவது கண் சிமிட்டும் நேரம்; அதைப் பிடிக்க இதுதான் வழி.

முதல் முயற்சி, ஆபீஸ் விட்டு வந்து, ஒரு ஷெட்டில் டியூப் லைட் வெளிச்சத்தில். ஓட்டிப் பார்த்தால் படம் பேய்ப்படம் மாதிரி மினுக் மினுக்கென்றது. நம் கரண்ட் 50 சைக்கிள். பழைய சோக் வைத்த டியூப் லைட் வினாடிக்கு நூறு தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண் ஏமாந்துவிடும். 240 ஏமாறாது. போதாக்குறைக்குப் படம் ஒரே இருட்டு. ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது 240-ல் ஒரு பங்கு வினாடி. அதற்குள் வெளிச்சம் உள்ளே வந்தாக வேண்டும். உச்சி வெயில்தான் ஒரே வழி.

ஞாயிறு காலை பதினொரு மணி. நானூற்றைம்பது ரூபாய் ஸ்டாண்டு காற்றில் ஆடியது. வீட்டிலிருந்து ரெண்டு கிலோ கேழ்வரகு மாவுப் பையை எடுத்துப் போய் நடுவில் தொங்கவிட்டேன். நின்றது.

ஆனால் படத்தில் பந்து ரெண்டாகத் தெரிந்தது. முழங்கை அல்வா மாதிரி வழிந்தது. கடைசியில்தான் புரிந்தது. என் போன் உண்மையில் எடுப்பது 120. நடுவில் உள்ள படங்களை அதுவே கற்பனை செய்து நிரப்புகிறது. ஆடிட்டிங்கில் இதற்கு வேறு பெயர். எந்த முழங்கைக்காக இத்தனை பாடோ, அந்த முழங்கையையே போன் ஜோடித்தால் என்ன சாட்சி? 120-க்கு இறக்கினேன். ஷட்டரையும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வைத்ததும், பந்தின் தையல்கூடத் தெரிந்தது.

வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தோம். சாதாரணப் பந்தில் ஒன்றும் இல்லை. முழு வேகத்தில் போட்டதில்... கை தோள் மட்டத்துக்கு வரும்போது முழங்கை மடங்கியிருக்கிறது, விடும்போது நிமிர்கிறது. மூணு தடவை ஓட்டினான். நான் வெயிலைப் பற்றி ஏதோ பேசினேன்.

“அவரு சொன்னது சரிதானாண்ணா?”

“அவசரப்படாதே” என்றேன். மடங்கியிருப்பது குற்றமில்லை. முரளிதரனுக்குப் பிறவியிலேயே முழங்கை முழுசாக நிமிராது. 1995-ல் மெல்போர்னில் நோ பால் கொடுத்தார்கள்; அப்புறம் பரிசோதனைக் கூடத்தில் பல காமிரா வைத்துத்தான் விஷயம் தெளிந்தது. மடங்கிய கை எவ்வளவு நிமிர்கிறது என்பதுதான் கணக்கு. 15 டிகிரி வரை அனுமதி. ஒற்றை போனில் பக்கவாட்டில் எடுத்தால், கை சுழல்வதே நிமிர்வது போலத் தெரியும். என் போன் சந்தேகப்படலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. (அம்பயருக்கும் இதைச் சொல்லலாம். யார் சொல்வது?)

பக்கத்து ஜில்லா சின்னப்பம்பட்டி நடராஜனையும் சொன்னேன். 2015-ல் ரஞ்சிக்குள் நுழைந்த வேகத்திலேயே ஆக்‌ஷன் சந்தேகம் என்று புகார். மனுஷர் போடும் விதத்தையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 2020 டிசம்பரில் இந்தியாவுக்காக ஆஸ்திரேலியாவில் ஆடினார். அடுத்த மாதமே பிரிஸ்பேனில் டெஸ்ட்.

பையன் பதில் பேசவில்லை. எழுந்து போய், ஓடாமல், நின்ற இடத்திலிருந்தே மெதுவாகப் பத்துப் பந்து போட்டான். “இதையும் எடுங்கண்ணா. அடுத்த வாரம் முன்னாடியிருந்து ஒண்ணு, பின்னாடியிருந்து ஒண்ணு. அம்பயருக்கு வேணாம், எனக்கு.”

வருகிற ஞாயிறு பதினொரு மணிக்குப் போகவேண்டும். கேழ்வரகு மாவு களியாகிவிட்டது. “செங்கல்லைத் தொங்க விடுங்க” என்கிறாள் மனைவி.