கைவித்தையும் காலடி மண்ணும்

கோவில்பட்டியிலிருந்து பழைய சிநேகிதர் ஒருவர் வந்திருந்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷ காலம் பேனாவைத் தவிர வேறெந்த ஆயுதத்தையும் தொட்டறியாதவர். அப்படிப்பட்டவருடைய உள்ளங்கைகள் இரண்டும் காய்த்துப் போயிருந்தன. நகக் கண்களிலே செம்மண் ஏறியிருந்தது.

"இது என்ன கோலம், அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"வீடு கட்டப் படித்துவிட்டு வருகிறேன்" என்றார் அவர், பரீட்சையில் தேறிய பையனைப் போல முகம் மலர்ந்து.

பத்து நாள் பயிற்சி முகாமாம். மண்ணைச் சலிப்பது, காலால் மிதிப்பது, வைக்கோலை நறுக்கிச் சேர்ப்பது, கல் அறுப்பது, சுவர் எழுப்புவது, சுண்ணாம்பு பூசுவது எல்லாம் தம் கையாலேயே செய்தாராம். கூடப் படித்தவர்களில் டாக்டர் உண்டு. கம்ப்யூட்டர் எஞ்சினீயர் உண்டு. கல்லூரிப் பெண்கள் உண்டு. "இத்தனை வருஷமாக வீட்டுக்குள் குடியிருந்தேன். வீடு என்றால் என்னவென்று இப்போதுதான் தெரிந்தது" என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம், தெருக்கோடியில் இருந்த வயதான கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டனுப்பியது. தம்முடைய நிலத்து மண்ணைக் கொண்டே தமக்கு ஒரு வீடு கட்டிக்கொள்ளப் போவதாக அவரிடம் பிரகடனம் செய்தார். கொத்தனார் பதில் சொல்லாமல் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். தண்ணீர் தொட்டு உருட்டிப் பார்த்தார். பிறகு, "அண்ணாச்சி, நீங்க படிச்சதெல்லாம் சரிதான். ஆனால் இது கரிசல் அல்லவா? மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். இதை நம்பியா சுவர் வைக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

சிநேகிதர் என்னைத் தேடி வந்ததே இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான்.

கரிசல் சீமையைக் கண்ணால் கண்டவர்களுக்குக் கொத்தனாரின் வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கங்களில் ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழையை அந்த மண் குடித்து வைத்துக்கொள்கிறது. மழை நின்ற பிறகும் பருத்திக்கும் கம்புக்கும் சிறிது சிறிதாகக் கொடுத்து அவற்றை வளர்க்கிறது. பயிருக்குத் தாயான இந்தக் குணமே வீட்டுக்குச் சத்துருவாகிவிடுகிறது. கரிசலில் உள்ள களி மிக நுண்ணிய தகடுகளால் ஆனது. தகடுகளுக்கிடையே நீர் புகுந்தால் மண் பருக்கும். நீர் போனால் சுருங்கும். சித்திரை வெயிலில் கையை நுழைக்கும்படி நிலம் வாய் பிளந்து கிடப்பது இதனால்தான். நிலமே இப்படி ஏறி இறங்கினால் அதன் மேல் நிற்கும் சுவர் என்ன செய்யும்? மண் சுவர் என்றில்லை, சிமெண்டுச் சுவரும் மூலைக்கு மூலை வெடிக்கத்தான் செய்யும்.

அப்படியானால் சிநேகிதர் படித்த படிப்பு வீண்தானா? இல்லை. அவர் மறந்துபோனது முதல் நாள் பாடத்தை.

புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் 1989-ஆம் வருஷம் தொடங்கப் பெற்ற எர்த் இன்ஸ்டிடியூட் என்னும் ஸ்தாபனம் இந்த வித்தையில் பெயர் பெற்றது. பல தேசங்களிலிருந்தும் ஜனங்கள் அங்கே வந்து, பாடம் பாதியும் சேறு பாதியுமாகக் கற்றுப் போகிறார்கள். மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்டு கலந்து, கையால் இயக்கும் யந்திரத்தில் அழுத்திக் கல் செய்கிறார்கள். அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. சுமார் நான்கு வாரம் ஈரம் காயாமல் வைத்திருந்து பதப்படுத்துகிறார்கள். ஆகவே விறகுச் செலவு கிடையாது. ஆனால் யந்திரத்தின் அருகே போவதற்கு முன்னால் மண்ணைப் பரீட்சிக்கக் கற்க வேண்டும். இந்தக் கல்லுக்கு ஏற்ற மண்ணில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு சரளை, ஐம்பது பங்கு மணல், பதினைந்து பங்கு வண்டல், இருபது பங்கு களி இருப்பது உத்தமம் என்பது அவர்களுடைய கணக்கு. மணல் மிகுந்த மண்ணுக்குச் சிமெண்டு உறவு. களி மிகுந்த மண்ணுக்குச் சுண்ணாம்பு உறவு. மண்ணை முகர்ந்து, தடவி, உருட்டி, நீரில் கரைத்துப் பார்ப்பதுதான் பாலபாடம். வளைவுகளும் மண்டபக் கூரைகளும் அதற்கப்பால் வருபவை. நம் சிநேகிதருக்கு வளைவுகள் நினைவிருந்தன, பாலபாடம் மறந்துவிட்டது. கொத்தனார் ஒரே நிமிஷத்தில் செய்து காட்டியது அதைத்தான்!

கரிசலில் வீடு கட்டவே முடியாது என்று நேயர்கள் நினைத்துவிடக் கூடாது. மேலே உள்ள கரிசலை வெட்டி நீக்கி, அடியில் சரளையோ சுக்கானோ தட்டுப்படும் வரையில் தோண்டி அஸ்திவாரம் போடுவது ஒரு வழி. கரிசல் ஆழமாகப் போகிற இடங்களுக்கென்று ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் வேறொரு வழி கண்டிருக்கிறார்கள். மூன்று மூன்றரை மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, அதன் அடிப்பாகத்தைக் குடம் போல் அகலப்படுத்திக் கான்கிரீட்டை நிரப்புகிறார்கள். மேல் மண் எவ்வளவு ஊதினாலும் சுருங்கினாலும் அடியிலுள்ள குடம் அசையாது. சுவருக்கு வேண்டிய மண்ணைச் செம்மண் நிலத்திலிருந்து வருவித்துக்கொள்ளலாம். கரிசலையே உபயோகித்துத் தீர வேண்டுமானால் மணலும் சுண்ணாம்பும் சேர்த்து அதன் துடுக்கை அடக்க வேண்டும். அந்தச் சுண்ணாம்புக்கு மூலமான சுக்கான் கல்லும் பல இடங்களில் கரிசலின் அடியிலேயே கிடக்கிறது. நோயைக் கொடுத்த பூமி மருந்தையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறது.

இந்தச் சீமையில் கைவித்தை எவ்வளவு உயர்ந்திருந்தது என்பதற்குச் சரித்திரமே சாக்ஷி. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்ணால் ஆனது. 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு கும்பெனியார் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். சில நாட்களுக்குள் அந்தக் கோட்டை மறுபடியும் எழுந்து நின்றது. போரிட வந்த வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரி இதைக் கண்டு வியந்ததைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். மார்ச்சு மாத இறுதியில் பீரங்கிகளுடன் வந்து தாக்கியும் கும்பெனிப் படையால் உள்ளே புக முடியவில்லை. மே மாதம் 24-ஆந் தேதிதான் கோட்டை விழுந்தது. அதைக் கட்டியவர்கள் எந்தக் கல்லூரியில் படித்தார்கள்? எந்த மண்ணை எவ்வளவு மிதிக்க வேண்டும், எந்தப் பதத்தில் வைக்க வேண்டும் என்பது அவர்களுடைய கைகளுக்குத் தெரிந்திருந்தது.

கையிலே இருக்கிற வித்தைக்கு ஓர் ஆபத்து உண்டு. புஸ்தகத்தில் இருப்பது நூறு வருஷம் கழித்தும் கிடைக்கும். கையில் இருப்பதோ ஒரு தலைமுறை தொடாமல் விட்டால் போயே போய்விடும். தாழையூத்தில் 1949-இல் சிமெண்டு ஆலை தொடங்கிற்று. சிமெண்டைக் குறை கூறுவது என் நோக்கமல்ல. அது அணைகளையும் பாலங்களையும் கட்டிக் கொடுத்தது. ஆனால் மூட்டையைப் பிரித்தால் உடனே வேலை என்ற சௌகரியம் வந்ததும், சுண்ணாம்பை நீற்றி, நாட்கணக்கில் ஊறப்போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு அரைக்கிற பொறுமை யாருக்கு இருக்கும்? காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. தகப்பனாரிடம் பிள்ளை கற்பது நின்றது. இன்றைக்குப் பணம் கட்டி முகாமில் படிக்க வேண்டியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

நம் தேசத்துப் பெரியவர்கள் இதை முன்பே உணர்ந்திருந்தார்கள். 1936-இல் மகாத்மா காந்தி வார்தாவுக்கு அருகே சேவாக்கிராமத்தில் குடியேறியபோது, தமக்கான குடிசை அந்தப் பக்கத்து மண்ணாலும் மூங்கிலாலுமே அமைய வேண்டும், நூறு ரூபாய்க்கு மேல் செலவாகக் கூடாது என்று நிபந்தனை விதித்தார். 1940-களில் பம்பாயில் அவரைச் சந்தித்த லாரி பேக்கர் என்னும் ஆங்கிலேயருக்கு, வீட்டுக்கு வேண்டிய சாமான்கள் ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்க வேண்டும் என்று அவர் சொன்ன கருத்து மனத்தில் தைத்துவிட்டது. பேக்கர் பிறகு இந்தியப் பிரஜையாகி, 2007-இல் திருவனந்தபுரத்தில் காலமாகும் வரையில் அந்த வழியிலேயே வீடுகள் கட்டினார். கொத்தர்களின் பக்கத்தில் நின்றே கற்றார், கற்பித்தார். தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பாவோ, கோவில்பட்டிக்கு வடக்கே தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன ஆசிரமத்தில் தம்முடைய இறுதி ஆண்டுகளைக் கழித்தார். தீர்ந்து போகிற பொருளை நம்பி வாழ்வதற்கும், இயற்கை மறுபடி மறுபடி தருகிற பொருளை நம்பி வாழ்வதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி அவர் எழுதியதெல்லாம் ஒரு வீட்டுச் சுவருக்கும் பொருந்தும்.

இதையெல்லாம் நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது சிநேகிதர் குறுக்கிட்டார்.

"நீர் சொல்வது வாஸ்தவம். ஆனால் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற ஆச்சி என்ன சொன்னாள் தெரியுமா? 'ஐயா, நான் மண் வீட்டில் பிறந்து மண் வீட்டிலேயே கிழவியாகிவிட்டேன். மழைக்கு மழை சுவர் கரையும். பொங்கலுக்குப் பொங்கல் நான்தான் குழைத்துப் பூச வேண்டும். தரைக்குச் சாணி மெழுகி மெழுகி இடுப்பு ஒடிந்தது. இப்போதுதான் கான்கிரீட் வீட்டுக்கு என் பேர் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் பணம் கொடுத்து மண் மிதிக்கப் போனீர்களாக்கும்!' என்றாள். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது."

எனக்கும் வாய் அடைத்துவிட்டது. மண் வீடு நமக்குப் புதுமை. அவளுக்கு அது வறுமையின் பெயர். 2024-இல் தமிழ்நாட்டு அரசு கலைஞரின் கனவு இல்லம் என்னும் திட்டத்தை அறிவித்து, 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள், வீடு ஒன்றுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று தொடங்கியிருக்கிறது. ஒழுகாத கூரைக்குக் கீழே ஆச்சி படுத்துறங்க வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டாவது அபிப்பிராயம் இருக்க முடியாது. மண்ணின் பெருமையைச் சொல்லி அவளைக் குடிசையிலேயே இருக்கச் சொல்ல நமக்கு அதிகாரம் கிடையாது.

ஆனால் அந்தப் புது வீட்டின் அடியிலும் இருப்பது கரிசல்தானே? அஸ்திவாரத்தைச் சரியாகப் போடாவிட்டால் ஆச்சியின் கனவிலும் வெடிப்பு விழும். சித்திரை வைகாசியில் மெல்லிய கான்கிரீட் கூரை பகலெல்லாம் வெயிலை வாங்கி, இரவில் அவள் தலைமேல் இறக்கும். மண்ணை அறிகிற வித்தை யாருக்காவது தேவையானால் அது முதலில் அவளுக்கும், அவள் வீட்டைக் கட்டப் போகிற கொத்தனாருக்கும் சித்தாளுக்கும்தான். முப்பது வருஷம் கலவை சுமந்தும் கரண்டியைக் கையில் பிடிக்காத சித்தாள்கள் எத்தனையோ பேர். முகாமிலே கல்லூரிப் பெண்கள் முதல் நாளே கரண்டி பிடிக்கிறார்கள். அந்த உரிமை சித்தாளுக்கு ஏன் கூடாது?

அவர்கள் முகாமுக்கு வராததற்குக் காரணம் ஆசையில்லாமை அல்ல. பத்து நாள் கூலியை இழந்துவிட்டு எந்தச் சித்தாள் படிக்க வருவாள்? ஆகையால் நம்மைப் போன்றவர்கள் கட்டுகிற கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களுடைய பத்து நாள் கூலிக்குப் போகட்டும். முகாம் கோவில்பட்டிப் பக்கத்திலேயே, கரிசலின் மேலேயே நடக்கட்டும். மண்ணைப் பரீட்சிக்கும் பாடத்துக்கு அந்த வயதான கொத்தனாரையே உபாத்தியாயராக வைக்கட்டும். அவருக்கும் உபாத்தியாயருக்குரிய சம்பளம் கொடுக்கட்டும். அவருடைய கைக்குப் பின்னால் அந்த வித்தைக்கு வேறு கை இருக்க வேண்டும்.

சிநேகிதர் இப்போது வீட்டை ஒத்திப் போட்டிருக்கிறார். கொத்தனாரின் யோசனைப்படி முதலில் ஓர் ஆட்டுக் கொட்டகை கட்டுகிறார். அஸ்திவாரம் சரளை வரையில் போயிற்றாம். சுவருக்குச் செம்மண் வண்டியில் வருகிறதாம். இரண்டு சித்தாள்களுக்கு முழுக் கூலி கொடுத்து, கையில் கரண்டியும் கொடுத்திருக்கிறாராம். "இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டுத்தான் வீடு" என்கிறார்.

நேயர்கள் வீட்டிலும் இன்றே ஒரு சிறு பரீட்சை செய்யலாம். குழந்தைகளைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடிப் புட்டியில் கால் பாகம் உங்கள் கொல்லை மண்ணைப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பும் தண்ணீரும் சேர்த்து, நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் தங்கும். வண்டல் மெதுவாக அதன் மேல் படியும். களி படிந்து தண்ணீர் தெளிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். மறுநாள் மூன்று வரிகளையும் அளந்து பாருங்கள். நீங்கள் குடியிருக்கிற வீடு எதன் மேல் நிற்கிறது என்பது அப்போது தெரியும்.