பின்னாடி உக்கார்றவங்களுக்கும் ஒரு ஜன்னல் வேணும் சாமி!

பழைய ஜீப்பை வாங்கிப் புதுசாக்குறது இப்போ எங்க சாத்தூர்ப் பக்கம் தொத்து வியாதி மாதிரி ஆயிருச்சு. தெருவுக்கு ஒரு கமாண்டரோ மேஜரோ பானட்டைத் திறந்து போட்டுக்கிட்டு நிக்குது. "என்னென்ன வேலை பாத்தீங்க அண்ணாச்சி?"ன்னு கேட்டா அகலமான டயர், மஞ்ச ஃபாக் லைட்டு, ரெண்டு ஊருக்குக் கேக்குற ஹாரன், ராணுவப் பச்சை பெயின்ட்டுன்னு பட்டியல் நீளும். "பின்னாடி பக்கவாட்டுல அந்தத் தள்ளுற கண்ணாடி?"ன்னு கேட்டா மட்டும் குரல் இறங்கிரும். "அது எங்கங்க தள்ளுது... தகரத்தை அடிச்சு மூடிரலாம்னு இருக்கேன்."

இந்தப் பதிவு அந்த மூடப்போற ஜன்னலுக்காக. வண்டி சமாச்சாரமே பிடிக்காதவங்களும் ஒரு சேவுப் பொட்டலத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டுப் படிக்கலாம். விஷயம் கண்ணாடியைப் பத்தினது மட்டும் இல்ல.

கொஞ்சம் கதை. மகிந்திரா கம்பெனி 1947-லயே வில்லிஸ் ஜீப்பை இங்கே கோக்க ஆரம்பிச்சது. அந்த வம்சத்துல வந்ததுதான் எம்.எம். 540, மேஜர், கமாண்டர், மார்ஷல் எல்லாம். கேன்வாஸ் கூரையோட வந்த வண்டிக்கு ஊர்ப் பட்டறையில இரும்புக் கூரை கட்டி, ரெண்டு பக்கமும் தள்ளுக் கண்ணாடி வச்சது நம்ம ஆளுங்க வேலை. எங்க ஊர் வெயிலுக்கு அது தேவைப்பட்டுச்சு. முன்னால ரெண்டு பேர், பின்னால எதிரெதிரா ரெண்டு பெஞ்சு. இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குப் போற குடும்பமும், கல்யாண வீட்டுக்குப் போற சொந்தக்காரங்களும், வேலைக்குப் போற ஆளுங்களும் அந்த பெஞ்சுலதான் போனாங்க, வந்தாங்க.

இப்போ அந்த பெஞ்சுல உக்காந்து பாருங்க. காரு சீட்டு மாதிரி முன்னே பாத்து உக்கார முடியாது. முதுகு வண்டியோட பக்கவாட்டுத் தகரத்துல சாஞ்சிருக்கும். அப்போ பின்மண்டை எங்க இருக்கும்? நேரா அந்தக் கண்ணாடியில. வண்டி ஒரு குலுக்கு குலுக்கினா தலை இடிக்கிற இடமே அதுதான். ஓட்டுறவர் அங்க உக்கார மாட்டார். சொந்தக்காரர் முன்சீட்டுல இருப்பார். பின்னால போறது ஆத்தா, அப்பத்தா, பிள்ளைங்க, கூலி ஆளுங்க. அதனாலதான் அந்த ஜன்னல் கடைசிப் பட்டியல்ல நிக்குதுன்னு எனக்கு ஒரு சந்தேகம். சந்தேகம் என்ன சந்தேகம், உறுதியாவே நினைக்கிறேன்.

அந்த ஜன்னலுக்கு நம்மாளுங்க பண்ற மூணு பாவத்தைச் சொல்றேன்.

முதல் பாவம், மூடுறது. தகரம் அடிக்கிறது, இல்லேன்னா திறக்காத கண்ணாடியை ஒட்டிட்டு ஏ.சி. போட்டுக்கிறது. புது வண்டிக்காரங்களே இந்த வழியிலதான் போறாங்க. 2020-ல வந்த மூணு கதவு தார் வண்டியில பின்சீட்டுப் பக்கக் கண்ணாடி திறக்கவே திறக்காது. கம்பெனி ஏ.சி.யை நம்பிச் செஞ்சது, அது அவங்க கணக்கு. பழைய ஜீப்புல ஏ.சி. வச்சாலும் குளிர்ச்சி முன்சீட்டோட நின்னுரும். சித்திரை வெயில்ல நிறுத்தி வச்ச இரும்புக் கூரைக்குக் கீழ, காத்துப் போக வழியில்லாம நாலு பேர் உக்காந்தா அது வண்டியா, இட்லிக் கொப்பரையா? பின்கதவைத் திறந்து போட்டா புழுதியும் டீசல் புகையும் சுழட்டிக்கிட்டு உள்ளே வரும். பக்க ஜன்னலைத் தள்ளி வச்சாத்தான் காத்து சீரா ஓடும்.

ரெண்டாவது பாவம், வீட்டுக் கண்ணாடி. இதுதான் பெரிய பாவம். அலுமினிய பார்ட்டிஷன் போடுற கடைக்குப் போய், அலமாரிக்கு வெட்டுற சாதாக் கண்ணாடியை அளவு குடுத்து வெட்டி வாங்கி மாட்டிர்றாங்க. பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். உடையும்போதுதான் வித்தியாசம் தெரியும். சாதாக் கண்ணாடி கத்தி கத்தியா உடையும். அது யாரோட பின்கழுத்துப் பக்கத்துல இருக்குன்னு மேலே சொல்லிட்டேன்.

டஃப்பண்ட் கண்ணாடி எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா இந்தத் தப்பை யாரும் பண்ண மாட்டாங்க. கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல சூடாக்கி, ரெண்டு பக்கமும் சட்டுனு காத்து அடிச்சுக் குளிர வைப்பாங்க. வெளிப்பக்கம் முதல்ல இறுகிரும், உள்பக்கம் பின்னால இறுகும்போது வெளித்தோலை இழுத்துப் பிடிக்கும். அந்த இழுபறிதான் அதுக்கு பலம். சாதாக் கண்ணாடியைவிட நல்ல அடி தாங்கும். தாங்காம உடைஞ்சா கல்கண்டு மாதிரி பொடிப்பொடியா உதிரும். இதே காரணத்தால சூளையில இருந்து வந்த பிறகு அதை வெட்டவோ துளை போடவோ முடியாது. வெட்டுறது, ஓரம் தேய்க்கிறது, கைப்பிடிக்குத் துளை போடுறது எல்லாம் முன்னாடியே முடிஞ்சிரணும். "கொஞ்சம் பெருசா வந்திருச்சு, ஓரத்தைத் தேச்சு உக்கார வச்சிரலாம்"னு சொல்ற ஆசாரி கையில அது மொத்தமும் பொடியாயிரும் :-)

மூணாவது பாவம், கம்பி. பிள்ளைங்க கையை நீட்டுதுங்க, சாமான் திருடு போகுதுன்னு ஜன்னலுக்கு உள்ளே கம்பியை வெல்டு வச்சிர்றது. நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு இதை எப்படிப் பண்றாங்கன்னு எனக்குப் புரியல. நெருப்பு எவ்வளவு வேகமா பரவும்னு வெளியூர்க்காரனுக்குச் சொல்லித் தரணும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைக்காரனுக்குச் சொல்லணுமா? பட்டாசு ஆலைகள்ல ரூமுக்கு வாசல் எங்க இருக்கணும், கதவு எந்தப் பக்கம் திறக்கணும்னு ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் பேசுறோம். ரோட்டுல போற வண்டி கவுந்து பின்கதவு நசுங்கினா அந்த ஜன்னல்தான் வாசல். அதுல கம்பியை அடிச்சிட்டு, மேல சாமி படத்தை ஒட்டி என்ன பிரயோஜனம்?

சரி, குறை சொன்னது போதும். செய்யறது எப்படின்னும் சொல்லணும்ல. போன வருஷம் நண்பர் ஒருத்தரோட கமாண்டருக்கு நாங்களே கூட நின்னு இந்த வேலையைப் பாத்தோம். அதுல கத்துக்கிட்டது:

பழைய ஃப்ரேமைக் காயலான் கடைக்குப் போடாதீங்க. கண்ணாடி நகராததுக்குக் காரணம் முக்காவாசி நேரம் ஃப்ரேம் கிடையாது, காடியில இறுகிப் போன கரிசப் புழுதி. வெயில் காலத்துல மாவு மாதிரி இறங்கும், ஐப்பசி மழையில களியாகும், மறுபடி காஞ்சா சிமெண்ட்டு. நண்பர் வண்டியில அதைச் சுரண்டி எடுத்ததுல ஒரு தொட்டிச் செடியே வைக்கலாம் போல இருந்துச்சு. இங்கிலாந்துல பழைய லேண்ட்ரோவர் வச்சிருக்கவங்களுக்கும் இதே தள்ளுக் கண்ணாடி, இதே தலைவலிதான். அங்கே ஈரத்துக்கு அந்தக் காடியில பாசி முளைக்குதாம். நமக்குப் புழுதி, அவங்களுக்குப் பாசி.

கண்ணாடி ஓடுற காடிக்குள்ள வெல்வெட் மாதிரி ஒரு பட்டை இருக்கும். அது தேஞ்சு போனாத்தான் கண்ணாடி கடகடன்னு ஆடும். அதை மட்டும் மாத்தினாலே பாதிச் சத்தம் அடங்கிரும். அதுல எண்ணெயோ கிரீசோ தடவாதீங்க. ரெண்டே நாள்ல புழுதியைப் பிடிச்சுப் பசையாக்கிரும். சிலிக்கான் ஸ்ப்ரே போதும்.

கீழ்க்காடியில சின்னச் சின்னத் துளை இருக்கும். மழைத்தண்ணி வெளியேற வச்சது. அதை அடைச்சுக்கிட்டா தண்ணி உள்ளே தேங்கி, ஜன்னலுக்குக் கீழே இருக்குற தகரம் அரிச்சிரும். பெயின்ட் கொப்புளிச்சிருந்தா அங்க பட்டி பூசி மறைக்காம, துருப்பிடிச்ச தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வச்சு வெல்டு பண்ணி, பிரைமர் அடிச்ச பிறகுதான் ஜன்னல். அலுமினிய ஃப்ரேம் நேரா இரும்புல ஒட்டாம நடுவுல ரப்பர் இருக்கணும். ரெண்டும் ஈரத்தோட உரசிக்கிட்டு இருந்தா அரிப்பு சீக்கிரம் வரும்.

மாட்டுறதுக்கு ஒரு பழைய வித்தை உண்டு. ஃப்ரேமைச் சுத்தி ரப்பரை மாட்டிட்டு, ரப்பரோட வெளிக்காடியில நைலான் கயித்தைச் சுத்தி வச்சு, ரெண்டு முனையையும் வண்டிக்குள்ள தொங்க விடணும். சோப்புத் தண்ணி தடவி, வெளியில இருந்து ஒருத்தர் அமுக்க, உள்ளே இருந்து இன்னொருத்தர் கயித்தை மெதுவா இழுத்தா, ரப்பரோட உதடு தகரத்து மேல ஏறி உக்காந்துக்கும். முதல் தடவை பாக்கறப்போ மாயாஜாலம் மாதிரி இருந்துச்சு.

கண்ணாடி விஷயத்துல, பழசுல மூலையில முத்திரை பதிச்சிருந்தா அதைக் கண்ணா காப்பாத்துங்க. உடைஞ்சிருந்தா சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்துல பழைய வண்டிக் கண்ணாடி தேடலாம். கிடைக்கலேன்னா பிளைவுட்டுல அச்சு வெட்டி, ஃப்ரேம்ல ஓட்டிப் பாத்து, அந்த அச்சைக் குடுத்து டஃப்பண்ட் செஞ்சு வாங்கணும். வண்டிக் கண்ணாடிக்கான ஐ.எஸ். 2553 முத்திரை இருக்கான்னு கேட்டு வாங்குங்க. அக்ரிலிக் ஷீட்டு வேண்டாம். எங்க புழுதிக்கு நாலு தடவை துடைச்சாலே கீறல் விழுந்து மங்கிரும்.

சட்டம் பேசாம முடிக்க முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 100-வது விதி, வண்டியில பாதுகாப்புக் கண்ணாடிதான் இருக்கணும், பக்கக் கண்ணாடி வழியா குறைஞ்சது 50 சதவீத வெளிச்சம் போகணும்னு சொல்லுது. 2012-ல உச்சநீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டதும் இந்த விதியை வச்சுத்தான். 2019 ஜனவரியில அதே நீதிமன்றம், கம்பெனி குடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு ஒரு தீர்ப்புல சொல்லிருச்சு. அதனால இருக்குற ஜன்னலைச் சீர் பண்றது வேற, கேன்வாஸ் வண்டிக்குப் புதுசா இரும்புக் கூரை கட்டுறது வேற. ரெண்டாவதைச் செய்யறதுக்கு முன்னாடி ஆர்.சி.யைக் கையில எடுத்துக்கிட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுல ஒரு வார்த்தை கேட்டுருங்க. 15 வருஷம் தாண்டின சொந்த வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கணும். அன்னிக்கு நின்னு முழிக்கறதைவிட இது மேல்.

"ஓட்டை ஜீப்புக்கு இவ்வளவு செலவா?"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரே பதில்தான். அகலமான டயர் ஒரு செட்டு என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும். மத்திய அரசு 2017 டிசம்பர்லயே நடவடிக்கை எடுக்கச் சொன்ன முன்பக்க பம்பர் கம்பிக்கு எவ்வளவு குடுத்தீங்கன்னும் தெரியும். அந்தக் காசெல்லாம் ரோட்டுல நிக்கிறவன் நம்மளைத் திரும்பிப் பாக்கறதுக்குச் செலவழிச்சது. இது உள்ளே உக்கார்றவங்களுக்குச் செலவழிக்கிறது.

நண்பரோட பட்டறை ஆளுகூட முதல்ல, "பின்னாடி யாருண்ணே பாக்கப் போறா, சாதாக் கண்ணாடியே போட்டுருவோம்"னுதான் சொன்னார். நண்பர் பதில் பேசல. அவரைக் கூட்டிட்டுப் போய் பின்பெஞ்சுல உக்கார வச்சு, "நல்லா சாஞ்சுக்கோங்க"ன்னார். சாஞ்சார். தலை கண்ணாடியில முட்டுச்சு. ரெண்டு நிமிஷம் ஒண்ணும் பேசல. அப்புறம் அளவெடுக்குற டேப்பைக் கேட்டு வாங்கினார்.

உங்க வண்டி எதுவா இருந்தாலும் ஒரு நாள் சாவியை வேற யார்கிட்டயாவது குடுத்துட்டு, பின்னாடி உக்காந்து பத்து கிலோமீட்டர் போய்ட்டு வாங்க. எதுக்கு முதல்ல செலவு பண்ணணும்னு தானா தெரியும்.

டிஸ்கி: நான் மெக்கானிக் கிடையாது, வேடிக்கை பாத்து வேடிக்கை பாத்து ஸ்பேனர் பிடிச்சவன். வெல்டிங் வேலைக்கு முன்னாடி பேட்டரி வயரைக் கழட்டிருங்க. மத்ததெல்லாம் உங்க ஊர் டிங்கரிங் மாஸ்டருக்கு என்னைவிட நல்லாவே தெரியும்.