புத்தகம் அடுக்கும் வேலையா?

எடிசனிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். சென்னையில் கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. படித்தவர். குழந்தைகளுக்காக ஒன்பது வருஷம் வீட்டிலிருந்துவிட்டு, இப்போது லைப்ரரி சயன்ஸ் படிக்க ஆசைப்படுகிறார். "எம்.எஸ்ஸி. படித்துவிட்டுப் புத்தகம் அடுக்கப் போகிறாயா?" என்கிறாராம் வீட்டுக்காரர். அவரும் இந்தப் பக்கத்தைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

கணித ஆசிரியராக இருந்த சீர்காழி ரங்கநாதன் 1924-ல் சென்னை சர்வகலாசாலை லைப்ரேரியன் ஆனபோது அவருக்கே அந்த உத்தியோகம் பிடிக்கவில்லை. பழைய வேலைக்கே திரும்பப் பார்த்தார். லண்டனில் போய்ப் படித்த பிறகுதான் ருசி கண்டார். நம் நெவார்க்கிலோ, ஜான் காட்டன் டானா 1904-லேயே வியாபாரிகளுக்கென்று ஒரு கிளை லைப்ரரி திறந்துவிட்டார். 1909-ல் ஸ்பெஷல் லைப்ரேரியன்களுக்கு ஒரு சங்கம் பிறந்ததும் அவர் முயற்சியால்தான்.

மருந்துக் கம்பெனி, ஆஸ்பத்திரி, வக்கீல் ஆபீஸ் ஆகியவற்றின் சொந்த லைப்ரரியில் செய்யும் வேலை இது. அடுக்குவதைவிடத் தேடுவதே அதிகம்.

2001-ல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நடத்திய ஆஸ்துமா ஆராய்ச்சியில், ஹெக்ஸாமெதோனியம் என்ற மருந்தை முகர்ந்த 24 வயதுப் பெண் இறந்துபோனார். நோயாளியல்ல, ஆரோக்கியமான தொண்டர். அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்று 1950-களிலேயே கட்டுரைகள் வந்திருந்தன. ஆராய்ச்சியாளர் தேடிய பப்மெட் பட்டியலோ அப்போது 1966-க்கு முன்னால் போகவில்லை. பழைய அச்சுப் பட்டியல்களைப் புரட்டத் தெரிந்தவர் ஒருவரைக் கேட்டிருக்கலாம். கெமிஸ்ட்ரி தெரிந்த லைப்ரேரியனுக்கு இங்கே என்ன வேலை என்று இனியும் கேட்பாரா உங்கள் வீட்டுக்காரர்?

அமெரிக்க லைப்ரரி சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற மாஸ்டர்ஸ் பட்டத்தைப் பல இடங்களில் கேட்பார்கள். உங்களுக்குப் பக்கத்தில் ரட்கர்ஸ் இருக்கிறது. கலிஃபோர்னியா வாசகர்களுக்கு ஸான் ஹோஸே ஸ்டேட். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் படிக்கலாம். டெக்ஸாஸில் ஆஸ்டின், டென்டன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. செலவைக் குறைக்கும்போது சில கம்பெனிகள் முதலில் கை வைப்பது லைப்ரரியில்தான். விளம்பரங்களிலும் 'லைப்ரேரியன்' என்ற பெயர் இருக்காது. 'இன்ஃபர்மேஷன் ஸ்பெஷலிஸ்ட்' என்று தேடுங்கள். ஹெச்-4 விசாவானால் வேலை அனுமதி உண்டா என்பதை ஃபீஸ் கட்டுமுன் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

விண்ணப்பக் கடிதம் எழுத உதவி வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை பஜனை முடிந்ததும் என்னைப் பிடியுங்கள். வீட்டுக்காரரையும் அழைத்து வாருங்கள்.